இடப்பக்கத்து அணி

செப்டம்பர் 2, திங்கள்

என் இடது காதில் இருக்கும் ஓட்டையை இன்று டிவியில் பார்த்தேன். நான் டிவியில் வருவதற்கு முன்னால் என் காது வந்துவிட்டது.

டாக்டர் ஃபர்ஹானா ஈரோட்டில் காது மூக்கு தொண்டைக்குப் பேர் போனவராம். என் மகள் வயதுதான் இருக்கும். பேனா மாதிரி ஒரு கேமராவைக் காதுக்குள் விட்டு, சுவரில் இருந்த டிவியைக் காட்டி, "இதுதாங்கய்யா செவிப்பறை இருக்க வேண்டிய இடம்" என்றார். ஓரத்தில் பிறை போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் இருட்டு.

"காதுக்குள்ள ஏதாவது விட்டுக் குடையற பழக்கம் உண்டுங்களா?"

"சேச்சே" என்றேன்.

என் மனைவி சம்பூரணம் உண்மை பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவள். "கோழி இறகு, ஹேர்பின், பேனா ரீஃபில், வண்டிச் சாவி" என்று மளிகைச் சாமான் சொல்வது போல் சொன்னாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எந்த வண்டி என்று மட்டும்தான் கேட்கவில்லை.

சின்ன வயதில் வாய்க்காலில் குதித்துக் குதித்துச் சீழ் பிடித்த காது இது. அறுபது வயது வரை இதை வைத்தே ஓட்டிவிட்டேன். நாவுக்கொண்டல் செ. பொன்னுரங்கம் என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் கிடையாது. கூட்டுறவு வங்கியில் இருந்தபோதே பட்டிமன்ற நடுவர். இப்போது முழு நேர நடுவர். வாயால் பிழைக்கிறவனுக்குக் காது எதற்கு என்று இருந்தேன்.

வினை பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம் வடிவில் வந்தது. டிவிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவர் காதுக்குள் ஒரு குட்டிக் கருவி வைப்பார்களாம். தயாரிப்பாளர் அதில் உத்தரவு போடுவாராம். அதை நல்ல காதில் வைத்தால் மேடையில் பேசுவது கேட்காது. கெட்ட காதில் வைத்தால் தயாரிப்பாளர் பேசுவது கேட்காது. ஆக, ஆப்பரேஷன்.

"உங்க காதுல இருந்தே துளி குருத்தெலும்பு எடுத்து, சீவி மெலிசாக்கி, ஓட்டையை அடைச்சுருவோமுங்க" என்றார் டாக்டர்.

போன விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடையையே மடித்து வைத்து இந்த விழாவில் எனக்கே போர்த்துவார்களே, அந்த முறைதான்.

செப்டம்பர் 9, திங்கள்

வழக்கறிஞர் குப்புராஜ் வந்திருந்தார். என் குழுவில் வலப்பக்கத்து அணித் தலைவர். எந்தத் தலைப்பு கொடுத்தாலும், "நான் வலது பக்கமே உக்காந்துக்கறேனுங்க" என்பார். ஜாதகத்தில் ஏதோ இருக்கிறதாம். ஜாதகம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எங்கள் மேடைகளில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் ஜெயிக்கும்.

"இந்த வயசுல ஆப்பரேஷன் எதுக்குங்கய்யா? கத்தி வெச்சுட்டா அப்புறம் காதே போயிரும். என்ற மச்சானுக்குப் போச்சு."

"காதுங்களா?"

"இல்லீங்க, முட்டி. இருந்தாலும் கத்தி கத்திதானுங்க."

வக்கீல் வாதம். ஆனாலும் என் மேல் இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சாயங்காலம் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு விழாக் குழுத் தலைவர் போன் செய்தார். டிசம்பரில் தேதி வேண்டுமாம். "நீங்க, வக்கீலு, எல்லாருஞ் சரிங்க. அமிர்தவல்லி டீச்சர் வந்துருவாங்கல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். அமிர்தவல்லி இடப்பக்கத்து அணித் தலைவி, கோபியில் கணக்கு டீச்சர். பெண்கள் கூட்டத்துக்காகக் கேட்கிறார்கள் போலிருக்கிறது. நடுவர் வருவாரா என்று யாரும் கேட்பதில்லை. சூரியன் உதிக்குமா என்று யாராவது கேட்பார்களா?

செப்டம்பர் 18, புதன்

நாளை ஆப்பரேஷன். குருத்தெலும்பு ஏன் என்று டாக்டர் இன்று விளக்கினார். சின்ன ஓட்டை என்றால் மெல்லிய சவ்வு வைத்தே மூடிவிடலாமாம். என் ஓட்டைக்கு அது வைத்தால் சுருங்கி, உள்ளே இழுத்து, மறுபடியும் கிழிந்துபோகலாம். குருத்தெலும்பு விறைப்பாக நிற்கும். ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

"தடியா இருந்தா கேக்குமாம்மா?"

"அதுக்குத்தான் சீவறோம். மரத்துப்போற ஊசி போட்டுத்தானுங்க செய்வோம், முழிச்சுட்டுத்தான் இருப்பீங்க. ரெண்டு விசயம். பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது."

பின்னால் உட்கார்ந்திருந்த சம்பூரணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, ரெண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டமுங்க" என்றாள். முதலாவதுதான் கஷ்டம் என்று உலகத்துக்கே தெரியும். கணவனை வெட்டப்போகிற நாளுக்கு முன்னால் இப்படிச் சிரிக்கிற பெண்ணை வேறெங்கும் பார்க்க முடியாது.

செப்டம்பர் 19, வியாழன்

முடிந்தது. பச்சைத் துணிக்கு அடியில் மூச்சு விட மட்டும் அனுமதி. காதுத் துளைக்கு முன்னால் மொட்டு மாதிரி ஒரு மேடு இருக்கிறதல்லவா, அதிலிருந்து எடுத்தார்கள். வலி இல்லை. ஆனால் காதுக்குள்ளேயே நடக்கிற வேலை என்பதால் எல்லாம் கேட்டது. உறிஞ்சுகிற சத்தம், சுரண்டுகிற சத்தம். டாக்டர், "இன்னும் மெலிசு… இன்னும்… ம், போதும்" என்று யாரிடமோ சொன்னது. அப்பளம் தேய்க்கிற இடத்தில் படுத்திருப்பது போல இருந்தது.

நடுவில் டாக்டர் உதவியாளரிடம், நாளைக்கு யார் கேன்டீன் சாப்பாடு, யார் வீட்டுச் சாப்பாடு என்று விசாரித்தார். இரு தரப்பிலும் நல்ல கருத்துகள் வந்தன. தீர்ப்புச் சொல்ல வாய் துறுதுறுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விவாதத்தை நான் முடித்து வைக்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

தலை சுற்றுகிறது. காதுக்குள் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருக்கிறார்கள். அது தானாகக் கரையுமாம். சம்பூரணம் பேசுவது அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்கவில்லை. மற்றபடி நலம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ரசத்தில் இரும்பு வாசம். சாம்பாரிலும் இரும்பு. காபியில் துருவேறிய இரும்பு. பாத்திரத்தை மாற்றச் சொல்லிக் கத்தினேன். பிறகு போனில் டாக்டர் சொன்னார்: நாக்குக்குப் போகிற ருசி நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால்தான் ஓடுகிறதாம். தொட்டால் கோபித்துக்கொள்ளுமாம். சில வாரத்தில் சரியாகிவிடும்.

"நாக்கு நல்லா இருந்த காலத்துல ஒரு நாள், ஒரே நாள், ரசம் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?" என்று சம்பூரணம் கேட்டாள். அவளை வலது பக்கமாக வந்து கேட்கச் சொன்னது என் தப்பு.

செப்டம்பர் 29, ஞாயிறு

விதிகள்: மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. கடைசி விதியை மட்டும் கல்யாணம் ஆனதிலிருந்தே கடைப்பிடித்து வருகிறேன்.

அமிர்தவல்லி டீச்சர் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, சன்னமான ஆள். சம்பூரணத்துக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். சமையல்கட்டில் நின்று ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இன்று சிரிப்பு இல்லை.

"எப்பத்துல இருந்துங்கய்யா நல்லாக் கேக்கும்?"

"டிசம்பர்ல டெஸ்ட் இருக்குது. அதுக்குள்ள சரியாயிரும்."

"முழுசாவுங்களா?"

"முழுசா."

"அப்ப… இந்தப் பக்கம் பேசறதெல்லாமேங்களா?"

"டீச்சர், இனி உங்க அணி மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்."

சந்தோஷத்தில் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். போகும்போது சம்பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றார். என்ன பாசம்.

நாட்குறிப்பில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? மேடையில் இடப்பக்க அணி பேசுவது எனக்குப் பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடுகிற மாதிரிதான் கேட்கும். ஏதோ ஓடுகிறது என்று தெரியும். வலப்பக்கம் பெரிய சவுண்டு பாக்ஸ் வேறு. அனுபவஸ்தனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. கூட்டம் சிரித்தால் நானும் புன்னகைப்பேன். கை தட்டினால் கம்பீரமாகத் தலையை அசைப்பேன். ஒன்றிரண்டு சொல் காதில் விழும், மீதியை ஊகித்துக்கொள்வேன். ஒருவர் கூடக் குறை சொன்னதில்லை. சொல்லப்போனால் டீச்சர் பேசும்போதுதான் கூட்டம் அதிகம் சிரிக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். நடுவரின் ரசனையை அறிய மக்களுக்கு அவ்வளவு ஆவல்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல் கிடையாது. கழுத்துக்குக் கீழே மட்டும் கங்கா ஸ்நானம் ஆச்சு. வெடிப் புகைக்குத் தும்மல் வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் முன்னால் வாயை ஆவென்று பிளந்து தும்மினேன். அவர்கள் மத்தாப்பை விட்டுவிட்டு என்னைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

ரசத்தில் ரசம் திரும்பி வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 16, சனி

காலையில் காதுக்குள் டப்பென்று ஒரு சத்தம். அதன் பிறகு வீட்டில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது என்று தெரிந்தது.

டிசம்பர் 19, வியாழன்

கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்டதற்கெல்லாம் அமுக்கினேன். கேட்காததற்கும் இரண்டு தடவை அமுக்கினேன், பழக்க தோஷம். "கேட்டா மட்டும் அமுக்குங்க சார்" என்று டெஸ்ட் எடுத்த பெண் கதவைத் திறந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மறுபடி டிவி. இருட்டு இருந்த இடத்தில் இப்போது தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளையாக ஒரு தட்டு.

"நல்லாப் புடிச்சுக்கிச்சுங்க. பேச்சுக் கேக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல. இனி யாரு என்ன பேசுனாலும் தப்பிக்க முடியாதுங்கய்யா" என்று டாக்டர் சிரித்தார். இந்தப் பெண் பட்டிமன்றத்துக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சத்தியமங்கலம். தலைப்பு: நிம்மதி தருவது சொந்த வீடா, வாடகை வீடா? பொங்கலுக்கும் இதே தலைப்பு என்பதால் ஒத்திகையாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

குப்புராஜ் சொந்த வீட்டுக்குப் பேசி முடித்தார். அமிர்தவல்லி டீச்சர் எழுந்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் சம்பூரணம், எப்போதும் போல இடது ஓரமாக, இன்று மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. டீச்சர் மைக்கைப் பிடித்தவர் பேச்சைத் துவக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புன்னகை செய்து, "ஆரம்பிங்க டீச்சர்" என்றேன்.

கூட்டத்தில் யாரோ, "நடுவரைச் சொல்லுங்கக்கா" என்று கத்தினார்கள். அதுவும் எனக்குக் கேட்டது. விசில் பறந்தது. டீச்சர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு பழக்கத்தில் வாய் தானாகப் போய்விட்டது போலிருக்கிறது.

"வாடகை வீட்டுல ஒரு சவுகரியமுங்க. ஓனரு என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டு, நம்ம இஷ்டத்துக்கு இருந்துக்கலாம். நம்ம நடுவரய்யா இருக்காரே, அவரு என்ற வீட்டுல வாடகைக்கு இருக்கறவரு மாதிரி. நான் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாரு. தீர்ப்பை மட்டும் அந்தப் பக்கம் குடுத்துருவாரு. வேணும்னாப் பாருங்க, இப்பச் சிரிப்பாரு."

கூட்டம் வெடித்தது. நான் அப்போது ஏற்கெனவே புன்னகையில்தான் இருந்தேன்.

"இப்பத் தலையை ஆட்டுவாரு."

என் கழுத்து பாதி வழியில் இருந்தது. அங்கேயே நிறுத்தினேன். இத்தனை வருடமாக யாரும் நிறுத்தாத வண்டி அது. கூட்டம் காத்திருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் கண்ணைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர் ஏதோ பேசினார். யாரும் சிரிக்கவில்லை. நான் தீர்ப்பை வலப்பக்கம் கொடுத்தேன். விழாக் குழுத் தலைவர் பொன்னாடை போர்த்தும்போது, "இன்னைக்கு ஏனோ களை கட்டலீங்க" என்றார்.

வேனில் குப்புராஜ், "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, ஆப்பரேஷன் வேண்டாம்னு" என்றார்.

டிசம்பர் 23, திங்கள்

அசிங்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத? பன்னிரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், ஒலிபெருக்கி வைத்து, என்னை உட்கார வைத்துச் சிரித்திருக்கிறார்கள். நான் அதற்கு மாலையும் வாங்கியிருக்கிறேன். யாரும் வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

சம்பூரணம் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சொன்னா விட்டுருவீங்களா, அந்த நாற்காலிய? ஊரெல்லாம் உங்களைக் கூப்பிடறதே அதுக்குத்தானுங்க. அவ பேச்சைக் கேட்டுப்போட்டு உங்க மூஞ்சியப் பாக்கத்தான் சனம் வருது."

"நன்றிகெட்டவ."

அதற்குத்தான் கத்தியைக் கீழே வைத்தாள். "அவளையாச் சொல்றீங்க? மொதல் வருசம் அவ எப்படிப் பேசுனான்னு உங்களுக்குத் தெரியுமா? ராத்திரி பகலா உக்காந்து படிச்சுட்டு வருவா. அவ்வளவு நல்லாப் பேசுவா. நீங்க அந்தப் பக்கம் தீர்ப்பைக் குடுத்துப்போட்டு, அவ சொல்லாததையெல்லாம் அவ சொன்னதாச் சொல்லுவீங்க. அவினாசில ஒரு நாளு வேன்ல அழுதா. நாந்தான் சொன்னேன், கண்ணு, அந்தாளுக்குக் காது கேக்காது, மனசுல வெச்சுக்காதேன்னு. அப்புறந்தான் அவ இப்படிப் பேச ஆரம்பிச்சா. கேக்காத ஆளுகிட்ட என்னத்தைப் பேசறது?"

மத்தியானம் சாப்பிடவில்லை. பீன்ஸ் பொரியல் எனக்குப் பிடிக்காது என்பதும் ஒரு காரணம்.

அவினாசியில் என்ன தலைப்பு என்று யோசித்துப் பார்த்தேன். குப்புராஜ் சொன்ன யானை ஜோக் வரை ஞாபகம் வருகிறது. டீச்சர் சொன்னது ஒன்று கூட வரவில்லை. எப்படி வரும்?

டிசம்பர் 27, வெள்ளி

டீச்சர் போன் செய்தார். பொங்கல் நிகழ்ச்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "இத்தனை நாளு பேசுனதுக்கு மன்னிச்சுருங்கய்யா" என்றார்.

"உங்களை வெச்சு ஒப்பந்தம் போட்டாச்சுங்க. வந்து பேசுங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"வர்றேனுங்க. ஆனா உங்களை வெச்சுப் பேச மாட்டேன்."

"பின்ன எதை வெச்சுப் பேசுவீங்க?"

"தலைப்பை வெச்சுத்தானுங்க" என்றார். பட்டிமன்றத்தில் அப்படியும் ஒரு வழி இருப்பது மறந்தே போயிருந்தது.

ஜனவரி 4, சனி

சென்னை. ஒளிப்பதிவு. முகத்தில் ஒரு கிலோ மாவு.

தயாரிப்பாளர் நிதின் என்று ஒரு தம்பி. என் இடது காதில் கருவியைச் செருகிக்கொண்டே, "சார், அந்தத் தலையாட்டுற பிட்டு கண்டிப்பா வேணும். செல்போன்ல யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துட்டுத்தான் உங்க டீமையே புக் பண்ணோம்" என்றார். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மாவு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

குப்புராஜ் யானை ஜோக்கோடு முடித்தார். டீச்சர் எழுந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

தான் குடியிருக்கும் லைன் வீட்டைப் பற்றிப் பேசினார். ஒரே வரிசையில் ஆறு குடித்தனம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கணவர் இறந்த பிறகு சொந்தத்தில் யாரோ, வீடு வாங்கித் தருகிறோம், தனியாக வந்துவிடு என்றார்களாம். இவர் போகவில்லை. "எனக்கு ஒருக்கா காய்ச்சல் வந்து படுத்துட்டேனுங்க. காலையில பாத்திரச் சத்தம் கேக்கலையேன்னு பக்கத்து வீட்டு மரகதம் சுவத்தைத் தட்டுனா. தனி வீட்டுல யாருங்க சுவத்தைத் தட்டுவா? சொந்த வீட்டுல நம்ம சத்தம் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு சுவரு கட்டறோம். நிம்மதிங்கறது, நம்ம சத்தம் நின்னுபோச்சுன்னா யாராவது ஒருத்தருக்குத் தெரியறதுதானுங்க."

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இப்படிப் பேசுகிற ஒருவர் பன்னிரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து இடது காதுக்குள் நிதின்: "சார், சீரியஸா போறாங்க. ஆடியன்ஸ் டல்லு. மணி அடிச்சு நிறுத்துங்க. அடிங்க சார்."

மணி என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அடிக்காவிட்டால் எடிட்டிங்கில் டீச்சரையே தூக்கிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். மைக்கை இழுத்தேன்.

"டீச்சர், ஒரு நிமிசம். நான் இன்னும் தலையை ஆட்டலை. ஆட்டற நேரம் வந்தாச் சொல்லுங்க. அது வரைக்கும் யாரும் உங்களை நிறுத்த முடியாது."

அரங்கம் அதிர்ந்தது. டீச்சர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "இப்ப ஒருக்கா ஆட்டுங்கய்யா" என்றார். ஆட்டினேன். "மறுக்காவும்." மறுபடி ஆட்டினேன். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. காதுக்குள் நிதின், "சூப்பர் சார், விட்டுராதீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் பேசட்டும்" என்றார். டீச்சர் இரண்டு நிமிடமும் அந்தச் சுவரைப் பற்றியே பேசினார். ஊருக்கு முன்னால் கோமாளியாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தெரிந்து இருந்தால் இன்னும் சுலபம்.

தீர்ப்பை இடப்பக்கம் கொடுத்தேன். கூட்டம் குபீரென்று சிரித்தது. குப்புராஜும் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார்கள். நான் நிறுத்தாமல், டீச்சர் சொன்னதை ஒவ்வொன்றாக, அவர் சொன்ன வரிசையிலேயே எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. கொட்டாவி கூட வந்தது. கவலைப்படவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர், "கடைசியில நல்லாச் சமாளிச்சீங்கய்யா. இந்தப் பக்கம் தீர்ப்புன்னதும் என்னாலயே சிரிப்பை அடக்க முடியலீங்க" என்றார். வேனில் ஏறித் தூங்கிவிட்டார். அது நிஜத் தீர்ப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது?

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பத்து மணிக்கு நிகழ்ச்சி. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் எங்கள் கூடத்தில். குப்புராஜ் வந்தார், யானை வந்தது. டீச்சர் வந்தார். சுவர் வந்தது, கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நிதின் அதை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டினார். எதிர் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு எல்லோரும் பொங்கல் வாழ்த்துச் சொன்னார்கள். வேட்டி விளம்பரம் வந்தது.

முடிந்துவிட்டது. தீர்ப்பே இல்லை.

நிதினுக்குப் போன் போட்டேன். "சாரி சார், முதல் சிரிப்புக்கு அப்புறம் பாயின்ட் பாயின்டா போயிட்டீங்க, சுத்தமா காமெடி இல்ல. டைமும் இல்ல" என்றார். என் வாழ்க்கையில் ஒரு பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் தீர்ப்பு. அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. மேடையில் கத்திக்கொண்டே இருந்தும் யார் காதிலும் ஏறாமல் போவது எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது.

சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் டீச்சர் கூப்பிட்டார்.

"ஐயா, தீர்ப்பைக் காணமுங்களே?"

"வெட்டிட்டானுங்க. அதுல சிரிப்பு இல்லையாம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது.

"அப்படீங்களா?" என்றார். "அப்ப நிசமாத்தான் குடுத்தீங்களா, எனக்கு?"

"ஆமாங்க டீச்சர்."

லைன் துண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. போனை இடது காதுக்கு மாற்றினேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முந்தானையில் துடைப்பது கேட்டது. இலை போட்டாச்சு என்று சம்பூரணம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.